டிங்குவுக்கு ஆபரேஷன்

“உசிருக்கு ஒண்ணும் ஆபத்து இல்லையே? அதை மட்டும் முதல்ல சொல்லும்மா!”

மேலப்புலிவார்டு ரோட்டில், மாடியில் இருந்த அந்தப் பழுது பார்க்கும் கடையின் மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார் ரெங்கராஜ். போன வருடம் ஹெட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர்; கடைக்குள் நுழைந்ததுமே அதைச் சொல்லியும் விட்டார். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார். நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்த துண்டைப் பிரித்து அவர் எடுத்து வைத்தது ஒரு பழைய கையடக்க வீடியோ கேம்.

கடைக்காரி பெலிண்டா அதைத் திருப்பிப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் அதைப் பார்த்தாள்.

“யாரோட உசிரு சார்?”

“உள்ளே இருக்கிற பிராணிங்களோட உசிரு!”

காட்டிலும் குகையிலும் திரியும் வினோதப் பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விடும் விளையாட்டு அது. கறுப்பு வெள்ளைத் திரை. வேலையில் இருந்த காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நாள் ஆடினார். அப்புறம் பீரோவில் போட்டு மறந்தும் போனார். ஓய்வு பெற்றபின் பீரோவை ஒழிக்கும்போது மறுபடி கையில் கிடைத்தது. அன்றிலிருந்து பேப்பர் படிப்பதில்லை, வாக்கிங் போவதில்லை. கேமின் பின்னால் செருகியிருக்கும் கேசட்டுக்குள் இருக்கும் குட்டி பேட்டரி தீர்ந்துவிட்டால் பிராணிகளெல்லாம் அழிந்துவிடும் என்று யாரோ சொல்லித் தொலைக்க, தூக்கமும் இல்லை.

பெலிண்டா கேசட்டைக் கழற்றி மீட்டரை வைத்துப் பார்த்தாள்.

“பேட்டரி கடைசி மூச்சுல இருக்கு. மாத்திடலாம். ஆனா எடுத்த நிமிஷமே எல்லாம் போயிடும். பரவாயில்ல சார், முதல்ல இருந்து ஆடிக்கலாம்.”

“முதல்ல இருந்தா? பெத்த பிள்ளை போனா இன்னொண்ணு பெத்துக்குங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு!”

“உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா சார்?”

“ஒரு பையன். பெங்களூர்ல ஏதோ கம்ப்யூட்டர் வேலை.”

“எந்தக் கம்பெனி?”

“அது… வீட்ல கேட்டாத்தான் தெரியும்.”

பெலிண்டா கேசட்டை மறுபடி செருகி, திரையை உயிர்ப்பித்தாள். “இதுல முதல்ல நிக்குதே, இது என்ன லெவல்?”

“டிங்குவா? எண்பத்தேழு!” பட்டென்று வந்தது பதில். “தண்ணிப் பிராணின்னா அவனுக்கு ஆகாது. பாறைப் பிராணியை ஒரே அடியில சாய்ச்சிடுவான். கொஞ்சம் கோபக்காரன், ஆனா மனசு தங்கம்.”

“டிங்குன்னு பேரு வெச்சது யாரு?”

“வேற யாரு, நான்தான்!” என்றார் ரெங்கராஜ், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி.

பெலிண்டா குனிந்து ஸ்க்ரூ டிரைவரைத் தேடினாள். கொஞ்ச நேரம் தேடினாள்.

“ஹெட்மாஸ்டரா இருந்தேன்னு சொன்னீங்களே. பசங்க இப்படி ஆடினா விட்டிருப்பீங்களா?”

“விடுறதாவது! பெஞ்ச் மேல ஏத்தி நிக்க வெச்சிருப்பேன். நான் வராண்டாவுல நடந்து வந்தாலே பசங்க மூச்சு விடாதுங்க. இதெல்லாம் மூளையை மழுங்கடிக்கிற சனியன்மா.”

“அப்போ உங்களுக்கு?”

“அறுபது வயசுல எனக்கு மழுங்குறதுக்கு என்ன இருக்கு?”

“அதுவும் சரிதான் சார்” என்றாள் பெலிண்டா.

அவருக்கு அது புரியவில்லை. பேட்டரியைப் பார்த்தே உருகிக்கொண்டிருந்தார்.

“ஒரு வழி இருக்கு” என்றாள் அவள். “வெளியில இருந்து ரெண்டு ஒயர் கொடுத்து, கரண்ட் நிக்காமலே பேட்டரியை மாத்தணும். கை கொஞ்சம் நழுவினாலும் டிங்கு காலி. செய்யட்டுமா?”

“நழுவாதே?”

“நழுவ விடமாட்டேன் சார். எனக்கும் டிங்கு வேணும்.”

இந்தக் காலத்தில் வாடிக்கையாளர் மேல் இவ்வளவு அக்கறையா என்று ரெங்கராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. “ரெங்கநாதா, நீதான் காப்பாத்தணும்” என்று முணுமுணுத்து, கண்களை இறுக மூடிக்கொண்டார். வேலை செய்த வருடங்களில் ஒரு மாணவனின் ரிசல்ட்டுக்குக்கூட அவர் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

ஈயம் உருகும் வாசனை வந்தது. கீழே யாரோ ஆட்டோக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு கீச்சுக் குரலில் அந்தப் பழைய இசை ஒலித்தது.

கண்ணைத் திறந்தார். திரையில் டிங்கு துள்ளிக்கொண்டிருந்தான்.

“பொழைச்சுட்டான்!” ரெங்கராஜ் கைகூப்பினார். “நீ நல்லா இருக்கணும்மா. உன்னை மாதிரி பொறுப்பான பொண்ணுங்க எங்க ஸ்கூல்ல ஒண்ணுகூடப் படிச்சதில்ல. கொடு, கொடு, பஸ்ஸுலயே ஆடிக்கிட்டுப் போறேன்.”

அவர் கை நீட்டினார். பெலிண்டா கேமை அணைத்து, துணியால் துடைத்து, தன் ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“என்னம்மா இது, உன் பையில போடுறே?”

“எட்டாவது ‘பி’, மூணாவது பெஞ்ச், பெலிண்டா, சார். ‘படிச்சு முடிச்சுட்டு வந்து வாங்கிக்கோ’ன்னு சொல்லித்தானே என் கையில இருந்து இதைப் பிடுங்கினீங்க? இன்ஜினியரிங்கே முடிச்சுட்டேன்.”