மறுதேர்வில் மூன்று மதிப்பெண் கூட

புனோ நகரில் மோட்டார் ரிக்‌ஷா ஓட்டும் சதுர்னினோவின் மகள் ஜெனி, மருத்துவ நுழைவுத் தேர்வில் எண்பத்தொரு மதிப்பெண்ணோடு முதலிடம் பெற்றாள். முடிவு வந்த ஒன்பதாம் நாள், வினாத்தாள் முன்பே விலைபோனது தெரியவந்து, தேர்வே ரத்தானது. வாங்கியவர் யார், படித்தவர் யார் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த மாதமே ஜெனியின் உடல் ஏரியில் கிடைத்தது. மறுதேர்வு நடந்தபோது அவளைப் புதைத்து இருபது நாள் ஆகியிருந்தது.

முடிவு வெளியான காலையில் சதுர்னினோ ஒரு சவாரியைப் பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிட்டுப் பலகையைப் பார்த்தார். முதல் வரியில் ஜெனியின் முழுப்பெயர் இருந்தது. எண்பத்து நான்கு மதிப்பெண். கைரேகை சரிபார்க்கப்பட்டது என்று பக்கத்தில் முத்திரை.

“இந்தத் தடவையும் காசு விளையாடியிருக்கு” என்றாள் அருகில் நின்ற பெண்.

“இல்லம்மா. அவ படிச்சுதான் எழுதினா. இப்ப மூணு மார்க் கூட.”

“நீங்க யாரு?”

“அவளோட அப்பா.”

“அப்ப வேற என்ன சொல்லுவீங்க.”

தேர்வானவர்கள் பெற்றோருடன் பத்து மணிக்கு நேரில் வர வேண்டும் என்றது அறிவிப்பு. சதுர்னினோ பின்னிருக்கையைத் துடைத்துவிட்டு, வாசலிலேயே காத்திருந்தார்.