ராயபுரத்து டாக்கோ

முதல் கடியிலேயே அவன் கண்களை மூடிக்கொண்டான்.

பக்கத்தில் நின்ற அவன் மனைவி தன் தட்டைத் தொடாமல் அவன் முகத்தையே பார்த்தாள்.

இரண்டு வருடமாக எத்தனையோ கடைகளில் அவன் டாக்கோ தின்பதைப் பார்த்துவிட்டாள். ஒரு கடி கடிப்பான், முகம் கோணும், "ம்ஹூம்" என்பான். அவ்வளவுதான், வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். கண்ணை மூடியது இதுதான் முதல் தடவை.

கார் கம்பெனி அவனைப் பதினேழு மாதம் மெக்சிகோவுக்கு அனுப்பியிருந்தது. திரும்பி வரும்போது பாதி ஆளாகத்தான் வந்தான். மீதிப் பாதி அங்கே ஏதோ ஒரு தெருமுனைத் தள்ளுவண்டி முன்னால், கறி வைத்து மடித்த மக்காச்சோள ரொட்டியான டாக்கோவுக்காக நின்றுகொண்டிருந்தது. இவ்வளவு பெரிய சென்னையில் அந்த ருசி கிடைக்காமலா போகும் என்று தேடக் கிளம்பினான். சனிக்கிழமை சாயங்காலம்தோறும், வில்லிவாக்கத்திலிருந்து, பைக்கில். பின்னால் அவள்.

கிடைக்கத்தான் இல்லை.

அண்ணா நகரில் ஒரு கடையில் சுவர் நிறையப் பெரிய தொப்பி மாட்டியிருந்தார்கள். ஒரு தட்டு நானூற்று எண்பது ரூபாய். அது தொப்பிக்கும் சேர்த்துத்தான் இருக்க வேண்டும். வேளச்சேரியில் மடித்த சப்பாத்திக்குள் பன்னீர் இருந்தது. கேட்டதற்கு, "இது ஜெயின் மெக்சிகன் சார்" என்றார் முதலாளி. நங்கநல்லூரில் மேலே ஓமப்பொடி தூவிக் கொடுத்தார்கள். அன்றைக்கு வழி முழுக்க அவன் புலம்பிய புலம்பலில் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் சிரிக்கச் சிரிக்க அவனும் சிரித்தான். சிரித்த சிரிப்பில் கத்திப்பாராவில் தப்பாகத் திரும்பி விமான நிலையம் வரைக்கும் போய்விட்டார்கள்.

அதற்கு முன்னால், ஏழு வருடக் கல்யாண வாழ்க்கையில், சனிக்கிழமை என்றால் துணி துவைக்கிற நாள். அவன் கைபேசியை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு தூங்குகிற நாள். எங்கேயாவது போகலாமா என்று கேட்டுக் கேட்டு அவளே விட்டுவிட்டிருந்தாள்.

டாக்கோ வந்துதான் அவளை வெளியே கூட்டிப்போனது.

இப்போது அவன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான்.

ராயபுரம் சர்ச்சுக்கு எதிரே நிற்கும் இந்தத் தள்ளுவண்டிக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. வண்டிக்காரர் எபினேசர், பதினோரு வருடம் கப்பல் சமையலறையில் ஒரு மெக்சிகோக்காரனுக்குப் பக்கத்து அடுப்பில் நின்றவர். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறப்போட்டு, மறுநாள் கிரைண்டரில் அரைக்கிறார். உருண்டை பிடித்து, இரண்டு பால் கவருக்கு நடுவில் வைத்து, பலகையால் ஒரே அழுத்து. கல்லில் போட்டு எடுத்து, மேலே தலைக்கறி, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, பச்சைத் தக்காளிச் சட்னி. ஒன்று நாற்பது ரூபாய்.

அவளும் கடித்துப் பார்த்தாள்.

அடப்பாவி, என்ன ருசி!

மெக்சிகோ எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் அவன் முகம் தெரியும். தேடினது கிடைத்துவிட்டது என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இனி என்ன? வேண்டும்போது வேலை முடிந்து வருகிற வழியில் நாலு பார்சல் வாங்கி வந்துவிடுவான். சனிக்கிழமை பக்கெட்டில் துணி ஊறும்.

அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு தின்பண்டத்துக்குப் போய் இப்படிப் பயப்படுவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

எபினேசர் கரண்டியை நிறுத்திவிட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கண்ணைத் திறந்தான். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இது அது இல்லப்பா."

சொன்ன பிறகு வெட்கமாகப் போய்விட்டது.

எபினேசர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஏம்மா, நீங்க மெக்சிகோ போயிருக்கீங்களா?"

"இல்ல."

அவளுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு அவள் தட்டைப் பார்த்தான். அது சுத்தமாகக் காலியாகியிருந்தது. சட்னியைக்கூட வழித்திருந்தாள்.

கொஞ்ச நேரம் மென்றான்.

"ஆமா மாஸ்டர்," என்றான். "ஏதோ ஒண்ணு குறையுது."

"இன்னா சார் கொறையுது? சொல்லு, போட்டுட்றேன்."

அவன் இன்னும் மூன்று போடச் சொன்னான். அவளுக்கும் மூன்று. அதையும் தின்று முடித்து, விரலை நக்கிக்கொண்டே, ஆறு பார்சல் கட்டச் சொன்னான்.

"நல்லா இல்லன்றே. அப்பறம் எதுக்கு சார் பார்சலு?"

"அடுத்த கடையோட ஒப்பிட்டுப் பாக்க வேணாமா?"

எபினேசர் கோபத்தோடுதான் கட்டினார். சட்னி மட்டும் தாராளமாக வைத்தார்.

அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். பார்சல் மடியில் சுட்டது. பாவம், நல்ல மனிதரிடம் இல்லாத குறையைச் சொல்லிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அவனுக்கு நிஜமாகவே ஏதோ குறைந்ததா, இல்லை அவளுக்காகச் சொன்னானா? முதுகைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கல்மண்டபம் சிக்னலில் வண்டி நின்றது.

"அடுத்த வாரம் மாதவரம் பக்கம் பாக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவன் சிக்னலையே பார்த்துக்கொண்டு யோசித்தான்.

"மாதவரம் வீட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு," என்றான். "தாம்பரம் போலாம்."