முதல் மூட்டை

"லாரி வந்து எவ்வளவு நேரமாச்சு! கதவைத் திறக்க இந்த ஆளு ஜோசியம் பார்க்கணுமா?"

மாட்டுத் தீவன டிப்போ வாசலில் வரிசை நெளிந்தது. காலையில் இறக்கிய மூட்டைகள் உள்ளே கூரையைத் தொட்டன. கதவில் பூட்டு.

மழை பொய்த்துப் புல் கருகிய வருஷம். ஒன்றோ இரண்டோ மாடு வைத்துப் பிழைப்பவர்களுக்கு வாரம் ஒருமுறை வரும் அந்த லாரிதான் கதி.

"முதல் மூட்டை வழக்கம்போல சைக்கிள்ல டிப்போக்காரர் வீட்டுக்குப் போயிடுச்சு" என்றார் வரிசையில் நின்ற தையல்காரர்.

"தனக்குப் போகத்தான் தானமும் தர்மமும்!"

"பந்திக்கு முந்தறதுல அவரை மிஞ்ச ஆளில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். வாயாடி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நாலு பேர் பேச்சை ஒருத்தியே பேசுவதால் வந்த பெயர் அது. இன்று அவள் வாயே திறக்காமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

அவள் மாடு நிறைமாதச் சினை. காய்ந்த வைக்கோலைத் தவிர வேறெதுவும் அதன் வயிற்றுக்குள் போய் நாளாகிவிட்டது. காலையில் எழுந்து நிற்கவே தடுமாறியது.

"பூட்டை உடைச்சா என்ன?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"உடைக்கத்தான் வேணும்!" வாயாடி அக்கா வரிசையை விட்டு வெளியே வந்தாள். "இருங்க, நான் போய்ச் சாவி கேட்கிறேன். தரலைன்னா பிடுங்கிட்டு வர்றேன். நான் வர நேரமானா கல்லைத் தூக்குங்க!"

வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள். டிப்போக்காரர் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன்யா, உம்ம மாட்டுக்கு மட்டும்தான் வயிறு இருக்கா? எங்க மாடெல்லாம் காத்தைத் தின்னு..."

கத்திக்கொண்டே கொல்லைப் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

மாடு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வயிறு மத்தளமாக உப்பி, வாயில் நுரை தள்ளியது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. டிப்போக்காரர் அதன் தலையை மடியில் தாங்கியிருந்தார். அவர் மனைவி விஷம் முறிய வினிகர் புகட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாய் பிரித்த புது மூட்டை.

"என்னாச்சுண்ணே?"

"யூரியா. துளி சேர்க்க வேண்டியதை, தீவனம் கலக்குற இடத்துல எவனோ அளவில்லாம கொட்டியிருக்கான்."

மனைவி வெடித்தாள். "லோடு வந்தா முதல்ல நம்ம மாடு தின்னணும், மத்தியானம் வரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆகலைன்னாத்தான் கடையைத் திறக்கணும்னு இவரா ஒரு சட்டம் போட்டுக்கிட்டாரு. இப்ப பாருங்க!"

வாயாடி அக்கா மாட்டருகே உட்கார்ந்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே... வாய்க்கு வந்ததெல்லாம் பேசினோமே."

"சொன்னா, தீவனம் சரியில்லையாம்னு புரளி கிளம்பும். கம்பெனிக்காரங்க லாரியை வேற பக்கம் திருப்பிடுவாங்க. அப்புறம் உங்க மாடெல்லாம் எதைத் தின்னும்?"

மாடு ஒருமுறை உதறியது. பிறகு அசையவில்லை. அவர் அதன் தலையை மெல்லத் தரையில் வைத்தார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் வாயாடி அக்காவுக்குக் கல் ஞாபகம் வந்தது. "ஐயோ, அண்ணே! அங்க பூட்டை உடைக்கப் போறாங்க! நான்தான் சொல்லிட்டு வந்தேன்!"

அவர் சட்டென்று எழுந்து, சைக்கிளில் கிடந்த சங்கிலிப் பூட்டை உருவி அவள் கையில் திணித்தார். "ஓடு தங்கச்சி. இதையும் சேர்த்துப் போடு. ஒரு மூட்டைகூட வெளியே போகக் கூடாது."

சாவி பிடுங்க வந்தவள், பூட்டோடு ஓடினாள். வேலிப் படலைத் தாண்டும்போது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"பூட்டிட்டுத் திரும்பி வா தங்கச்சி! போன வாரத்து நல்ல தீவனம் பாதி மூட்டை இருக்கு. உன் சினை மாட்டுக்கு எடுத்துட்டுப் போ. இங்க இனிமே தின்ன மாடில்லை."