ஒஸ்ரியா போய் வந்த மூவர்

“அண்டைக்குப் பெய்தது சும்மா மழையில்லை, வானத்தைத் திறந்துவிட்ட மாதிரி! முன்னுக்குப் போற சைக்கிளின்ரை பின் சில்லுக்கூடத் தெரியேல்லை!”

கனகலிங்கம் மைக்கில் முழங்க, லண்டன் ஈஸ்ட் ஹாம் மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது. மேடையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த யோகராஜாவுக்கோ அந்த ஒக்டோபர் குளிரிலும் வியர்த்துக் கொட்டியது.

ஐரோப்பாவில் ஒஸ்ரியா நாட்டு மலை ஏரிகளைச் சுற்றி நான்கு நாள் சைக்கிள் சுற்றுலா. வெள்ளைக்காரக் குழுவோடு நம்மவர் மூவரும் போகிறார்கள் என்று தமிழ்ச் சங்கம் மாலை போட்டு வழியனுப்பியது. இன்று பாராட்டு விழா. மூவருக்கும் வேறு வேறு ஷிப்ட் என்பதால், தனித்தனியாகப் போய் ஏரிக்கரை விடுதியில் சந்திப்பதாக ஏற்பாடு.

யோகராஜா போகவே இல்லை.

மற்ற இருவரிடமும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. அவரிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகம். ‘லண்டனில் தந்ததுதானே, எங்கேயும் விடுவான்’ என்று விசா எடுக்காமல் கிளம்பியவரை, ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி நிறுக்கும் இடத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு யாராவது என்றால் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் பிளேஸ்டோவிலிருந்து ஈஸ்ட் ஹாம் வரை விசா, அரசாங்க பெனிபிட் காசு, கவுன்சில் வீடு என்று எந்தப் படிவத்தையும் நிரப்பிக் கொடுப்பவர் யோகராஜாதான். விஷயம் வெளியே வந்தால் நாளைக்கு அவரை நம்பி ஒருவராவது ஒரு படிவத்தை நீட்டுவாரா?

ஆகவே நான்கு நாளும் ஹவுன்ஸ்லோவில் ஒரு நண்பரின் அறையில் ஒளிந்திருந்துவிட்டு, “ஒரே மழை, ஒரு படமும் எடுக்க ஏலாமல் போச்சு” என்று மனைவி தவநாயகியிடம் ஒப்பித்துவிட்டார். அதன்பின் மூன்று வாரமாகக் கனகலிங்கத்தின் தலையோ மூன்றாமவரான கிறிஸ்துராஜாவின் தலையோ தெருவில் தெரிந்தாலே பக்கத்து நகைக்கடைக்குள் நுழைந்துவிடுவார். இன்று தப்ப முடியவில்லை. தவநாயகி புதுச்சேலையோடு முன்வரிசையில் இருந்தாள்.

“அந்த மழையிலை,” என்றார் கனகலிங்கம், “எங்கடை யோகராஜா அண்ணை...”

யோகராஜா கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது கதை.

“...அண்ணைதான் முன்னுக்குப் போய் வழி காட்டினவர்! அவர் இல்லாட்டி நாங்கள் ஏரிக்குள்ளைதான் விழுந்திருப்பம்!”

யோகராஜா மெல்லக் கண்ணைத் திறந்தார். தவநாயகி எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். என்ன மனசு இந்தக் கனகலிங்கத்துக்கு! காட்டிக் கொடுக்காதது போதாதென்று பட்டமும் சூட்டுகிறாரே!

அடுத்து இளையவர் கிறிஸ்துராஜா மைக்கைப் பிடித்தார். “கனகலிங்கம் அண்ணையின்ரை ரயரிலை காத்துப் போச்சு. கொட்டுற மழைக்குள்ளை ஒட்டுப் போட்டது ஆர்? நான்! பிறகு மலையாலை இறங்கேக்கை ரெண்டு கையையும் விட்டிட்டு ஓடினன். பின்னாலை வந்த வெள்ளைக்காரன் பயத்திலை நெஞ்சிலை சிலுவை போட்டவன்!”

“ஓம், ஓம்! நான் என்ரை கண்ணாலை கண்டனான்!” என்றார் கனகலிங்கம்.

யோகராஜாவின் முறை வந்தது. நன்றியோடு மைக்கை வாங்கினார். பதிலுக்கு ஏதாவது செய்யாவிட்டால் மனிதனா?

“கனகலிங்கம் தன்ரை பாட்டைச் சொல்லேல்லை, சபையோரே. சேத்திலை சறுக்கி விழுந்தவர், முழங்கால் முழுக்க ரத்தம். ‘என்னை விட்டிட்டுப் போங்கோ அண்ணை’ எண்டார். நான் விடுவனோ? சைக்கிளிலை இருத்தி மூண்டு மைல் தள்ளிக்கொண்டு போனன்!”

கனகலிங்கம் ஒரு கணம் திகைத்தார். பிறகு குனிந்து முழங்காலைத் தடவினார். “இன்னும் நோகுது,” என்றார்.

பின்வரிசையிலிருந்து செல்வமலர் என்றொரு பெண் கேட்டாள்: “அப்ப ஒருத்தரும் ஒரு படங்கூட எடுக்கேல்லையோ?”

“மழை!” என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

பொன்னாடை போர்த்தி, படமெடுத்து, வடையும் தேநீரும் வந்த பிறகு, யோகராஜா இருவரையும் மண்டப மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார். கோட்டுகள் மாட்டியிருந்த அந்த இடத்தில் வேறு எவரும் இல்லை.

“என்ரை மானத்தைக் காப்பாத்திப் போட்டியள்,” என்று இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். “நான் அங்கை வராததைப் பற்றி ஒரு சொல்லுக்கூட விடேல்லையே! விசா இல்லாமல் ஹீத்ரோவிலை திருப்பிப் போட்டாங்கள்.”

கனகலிங்கத்தின் வாயருகே போன வடை அங்கேயே நின்றது.

“நீங்கள் வரேல்லையோ?”

“என்ன தம்பி, தெரியாத மாதிரிக் கேக்கிறீர்?”

“ஐயோ அண்ணை! எனக்கு வேலையிலை கடைசி நேரம் லீவு தரமாட்டன் எண்டிட்டாங்கள். மாலையும் போட்டாச்சு, எந்த முகத்தோடை சொல்லுறது? கூட்டாளி வீட்டிலை படுத்து நாலு நாளும் ஷிப்ட் செய்தனான். நீங்கள் ரெண்டு பேரும் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை எண்டெல்லோ நான் நினைச்சன்!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் சேர்ந்து கிறிஸ்துராஜாவைப் பார்த்தார்கள். யோகராஜா நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டு அவர் தோளில் தட்டினார்.

“பரவாயில்லை. நீராவது போனீரே தம்பி!”

கிறிஸ்துராஜா பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“எனக்குச் சைக்கிளே ஓடத் தெரியாது, அண்ணை.”