பதினான்காம் மாடித் துணிக்கொடி

அப்தியெல் இந்த முறை குறடோடு வந்திருந்தான்.

எனெய்தா கதவை அகலத் திறந்துவிட்டாள். பனாமா நகரத்தில் கோடை பிறந்து இரண்டு வாரம். பால்கனி வழியாகப் பாய்ந்த வடக்குக் காற்றில் அவன் கையிலிருந்த தாள்கள் படபடத்தன.

அந்த அடுக்குமாடிக்கு அவன் நிர்வாகியாக வந்து மூன்று மாதம்தான். அதற்குள் அவளுக்கு மூன்று கடிதம் அனுப்பிவிட்டான். கடிதத்துக்கு ஒரு வரிசையாக அவளும் கொடியைக் கூட்டிக்கொண்டே போனாள்.

இப்போது மூன்று வரிசை. படுக்கை விரிப்புகள், இரண்டு ஜீன்ஸ், ஓரத்தில் அவளுடைய உள்பாவாடைகள். அப்தியெல் அந்தப் பக்கம் கண்ணை விடாமல் கடலைப் பார்த்தான்.

கடலில் கப்பல்கள் நின்றன. கால்வாய்க்குள் போக முறை வராமல் நாள்கணக்கில் நிற்கிறவை. மழை பொய்த்து, கால்வாய்க்குத் தண்ணீர் தரும் ஏரி இறங்கிவிட்டது. கப்பலைத் தூக்கி அந்தப் பக்கம் விடத் தண்ணீர் போதவில்லை.

ஏரிப் பக்கம் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன்தான் முதலில் சொன்னார். நூறு வருடத்துக்கு முன்னால் மூழ்கிய காட்டின் அடிமரங்கள் தண்ணீருக்கு மேலே தலை நீட்டுகின்றனவாம்.

மழையைக் கெடுக்கும் புகையில் தன் பங்கைக் குறைக்க, அந்த வாரமே எனெய்தா துணி உலர்த்தும் மெஷினை விற்றாள். பகலில் ஏசி கிடையாது என்று முடிவு செய்தாள். சந்தைக்குக் கார் எடுப்பதை விட்டுவிட்டு, தோளில் பையை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

அவள் வேர்வையில் உட்கார்ந்ததையும் வெயிலில் நடந்ததையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. துணிதான் எல்லார் கண்ணையும் உறுத்தியது.

"விதியைப் படிச்சுக் காட்டிட்டுத்தான் வெட்டணும்னு குடியிருப்போர் சங்கத்துல சொல்லியிருக்காங்கம்மா."

"படிங்க தம்பி."

விதி முப்பத்தொன்று. பால்கனியில் கயிறோ கம்பியோ கழியோ கட்டக் கூடாது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் ஈரத்துணி படக் கூடாது.

காற்று தாளை மடக்கியது. அவன் அதை நிமிர்த்துவதற்குள் மீதியை அவளே சொல்லி முடித்தாள்: "இது கட்டடத்தின் கௌரவம் சம்பந்தப்பட்டது."

மூன்று கடிதத்திலும் அதே வரிதானே, மனப்பாடம் ஆகியிருக்கும் என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு மிரெயா காபிக் கோப்பையோடு வாசலில் வந்து சாய்ந்துகொண்டாள்.

"எனெய்தாக்கா, உங்க உள்பாவாடைய வெயில்ல போட்டா ஏரி ரொம்பிடுமா?"

"ரொம்பாது மிரெயா. உன் மெஷின் ஓடினா ரொம்புதா?"

மிரெயா காபியை ஊதினாள்.

அப்தியெல் குரலைத் தாழ்த்தினான். "நீங்களே அவுத்துடுங்களேம்மா. எனக்கும் சங்கடமா இருக்கு."

"அவுக்க மாட்டேன்."

"அப்ப, மறுத்துட்டேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

கண்ணாடியைத் தேடாமலே போட்டுக் கொடுத்தாள். முதல் எழுத்தில் பெரிதாக ஒரு சுழி, முடிவில் நீளமாக ஒரு வால்.

அவன் அந்தத் தாளை விதித்தாளின் மேல் வைத்தான். எடுத்தான். மறுபடி பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

விதியின் அடியில், பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தேதியை ஒட்டி, நகலுக்கு மேல் நகலெடுத்து மங்கிப்போன ஒரு கையெழுத்து. அதே சுழி. அதே வால்.

"நீங்களாம்மா?"

"சங்கத்துக்கு முதல் தலைவி நான்தான். அந்த கௌரவம்ங்கிற வரிய உக்காந்து யோசிச்சு எழுதினதும் நான்தான்."

மிரெயா கோப்பையை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

அந்தக் காலத்தில் நாலாம் மாடியில் ஒரு பெண் இருந்தாள். கைக்குழந்தைக்காரி. பால்கனி முழுக்கக் குழந்தையின் துணி தொங்கும். விதி வந்த வாரமே எனெய்தா குறடோடு போய்த் தன் கையாலேயே கயிற்றை வெட்டினாள். அந்தப் பெண் கீழே விழுந்த ஈரத்துணிகளை வாளியில் அள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு மாதத்தில் வீட்டையும் காலி செய்துவிட்டாள்.

அவள் பெயர் என்ன என்று எனெய்தா எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டாள். நினைவுக்கு வரவே இல்லை. கேட்டிருந்தால்தானே.

இதையெல்லாம் குரல் உயர்த்தாமல் சொல்லி முடித்துவிட்டு, அவனுக்கு வாகாக விரிப்பை ஒரு பக்கம் தள்ளிப் பிடித்தாள்.

"வெட்டுங்க தம்பி. உங்க வேலை அது. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவன் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் செருகினான். பிறகு வெட்டினான். மூன்றாவது கயிறு அறுந்தபோது ஈர விரிப்பு அவன் தலைமேலேயே விழுந்தது. அவள்தான் எடுத்துவிட்டாள்.

துணிகளை நாற்காலியில் குவித்துவிட்டு, அலமாரியின் கீழ் இழுப்பறையை இழுத்தாள்.

உள்ளே புதுக் கயிறு. உறை பிரிக்காத கட்டுகள், விளிம்பு வரைக்கும்.

ஒன்றை எடுத்து, உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"அந்தப் பொண்ணு மறுபடி கட்டல," என்றாள். "நான் கட்டுவேன்."