கறுப்புப் பாறைக்குப் பக்கத்தில்

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் விடு, ஸ்வாலா. ரெண்டு கறுப்புப் பாறை தெரியும்."

ஐஸ்லாந்துத் தலைநகர் ரேக்யவிக்கிலிருந்து வந்திருந்த கிழவர் தோர்மார், கைடு பெண்ணின் பின்னால் உட்கார்ந்து வழி சொன்னார்.

"அந்தப் பக்கம் டூரே கிடையாதே, தோர்மார்!"

"சாகறதுக்குள்ள ஒரு தடவை பாத்துடறேனே."

ஸ்னோமொபைல் வண்டி, பனியாற்றில் வாய் பிளந்திருந்த பிளவின் விளிம்பில் போய் நின்றது. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. தோர்மார் இறங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். அடியே தெரியவில்லை. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

"உள்ள விழுந்ததை ஐஸ் மெதுவா நகர்த்திக்கிட்டே போய் அடிவாரத்துல தள்ளிடும்," என்றாள் ஸ்வாலா. "முப்பது வருஷம் முன்னாடி காணாமப் போன ஹாவர்ங்கிற கைடு மட்டும் இன்னும் வெளிய வரல."

"இவ்வளவு ஆழத்துல விழுந்தவன் எங்க வரப்போறான்?"

"அவர் இங்கதான் விழுந்தார்னு இதுவரைக்கும் யாருக்குமே தெரியாதே!"

தோர்மார் வண்டியை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். அவள் இன்ஜினை முடுக்கி, அவரை ஏற்றிக்கொள்ளாமலே வண்டியைத் திருப்பினாள்.

"நம்ம ஊர்ல எல்லாரையும் வெறும் பேரைச் சொல்லியே கூப்பிட்டுப் பழகிட்டோம். என் அப்பா பேரை நீங்க கேக்கவே இல்லையே," என்றாள். "ஹாவர்."