நம்பகமான ரிவால்வர்

பருத்தி வியாபாரி வெங்கடபதியின் மீசை தேள்கொடுக்காய் நிமிர்ந்திருந்தது. இன்று ஊரில் ஒரு தலை உருளப்போகிறது என்று துப்பாக்கிக்கடை கண்ணையா கணக்குப் போட்டார்.

“இடுப்புல செருகற மாதிரி ரிவால்வர் வேணுங்க. மலிவா.”

கண்ணையா இரண்டை எடுத்து வைத்தார். “இது தங்கமுங்க! தொண்டாமுத்தூர்ல சுட்டா துடியலூர்ல காக்கா உழும். அது நனைஞ்ச பட்டாசுங்க. பத்துத் தடவை அமுக்குனா ஒருக்காத்தான் வெடிக்கும்.”

“ஒருக்கா வெடிச்சுப்போடுமா?” வெங்கடபதி இரண்டையும் தள்ளி வைத்தார். “அதுவும் வெடிக்காத மாதிரி ஒண்ணு இருந்தாக் குடுங்க.”

“ஏனுங்க, யாருக்குங்க?”

“மாப்பிள்ளைக்குங்க. தலைதீபாவளிச் சீராக் கேக்கறாரு. குடுக்காட்டி எம்பட பொண்ணைத் திருப்பி அனுப்பிப்போடுவாராம். குடுத்தா, கோவம் வந்த அன்னிக்கு அவளைச் சுட்டுப்போடுவாருங்க.”